காப்பி குடித்துவிட்டுப் போட்ட கையெழுத்து

தொண்டாமுத்தூர்,
9-7-1937, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி சென்னிமலைக்கு உன் அம்மா மனம் நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் மாடு கன்றுகளும் சுகம். உன் சுகத்தைத்தான் நீ எழுதியிருக்கிற விதத்தில் நம்ப முடியவில்லை. பம்பாய் மழை இரண்டு பக்கம், அங்கே இட்டிலி என்று விற்கிற வஸ்துவைப் பற்றி ஒரு பக்கம், எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் ஓரத்தில் நெருக்கி, இடது கையில் இரண்டு விரல் பல்சக்கரத்தில் அகப்பட்டுக்கொண்டது, சுண்டு விரலில் ஒரு கணுவை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், மோதிர விரல் இன்னும் மடங்கவில்லை, கவலைப்படாதே என்கிறாய். ஏண்டா கண்ணு, இதை முதல் வரியில் எழுதினால் தபால்காரன் அபராதம் போடுவானா? நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள், உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதான் வித்தியாசம், அதற்குள் எனக்கு முன்நெற்றியில் நரைத்ததெல்லாம் உன் கணக்குதான்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றைக்கே கையெழுத்துப் போடாதே, கடிதம் பின்னால் வருகிறது என்று தந்தி கொடுத்துவிட்டேன், அதற்கு இதுவரை உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் மட்டும் இரண்டு நாள் தாமதமானதற்குக் காரணம், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு உனக்குப் புத்தி சொல்லக் கூடாது என்று நேற்றுக் கோயமுத்தூர் போய் வக்கீல் வெங்கடபதியைப் பார்த்துவிட்டு வந்தேன். தொழிற்சாலைப் போர்மன் ரொம்ப நல்லவர், ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார், தினமும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார், அவர் நீட்டுகிற காகிதத்தில் வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். ஏனென்றால் இதே வாசகத்தை இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்று. உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்லுகிறேன், பதறாதே, எல்லாம் சரியாகிவிட்டது.

போன வருஷம் வைகாசியில் உங்கப்பா தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வண்டி ஓட்டிப் போனார், பின்னால் பாப்பாயி உட்கார்ந்திருந்தாள், நம் தோட்டத்தில் களை எடுக்கிறாளே அவள்தான். வடவள்ளி தாண்டினதும் பின்னாலிருந்து ஒரு மோட்டார் வந்து சக்கரத்தில் இடித்து, வண்டி சாய்ந்து, அப்பா கீழே விழுந்து வலது முன்கை எலும்பு முறிந்துபோயிற்று. பாப்பாயிக்கு ஒரு கீறல்கூட இல்லை, தக்காளி மேலேயே விழுந்தாளாம். மோட்டார் பருத்தி வியாபாரி அங்கப்பனுடையது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், உங்கப்பா கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் நன்றாகத்தான் கட்டினார், ஆனால் என்றைக்கு முறிந்தது எப்படி முறிந்தது என்று ஒரு துண்டுக் காகிதம் தருவாரா? அது முதல் தப்பு. இரண்டாவதுதான் பெரிசு. ஐந்தாம் நாள், கையைத் தொட்டில் மாதிரிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு தார் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு, உங்கப்பா அங்கப்பன் வீட்டுக்கு மோட்டாரைத் துக்கம் விசாரிக்கப் போய்விட்டார்! "ஏனுங்க, காருக்கு அடி ரொம்பவுங்களா, வெளக்கு ஒடஞ்சு போச்சுங்களாமா, எம்பட வண்டி இன்னும் கொஞ்சம் ஒதுங்கியிருந்திருக்கோணுமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். இது நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லுகிற பேச்சு, அடிபட்டவனே முதலில் விசாரிக்கப் போனால் அவன் பெரிய மனுஷன். ஆனால் அங்கே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தான். அவன் அதை நடு ரோட்டில் வண்டியை ஓட்டியது என் குற்றமே என்று அழகாக எழுதி நீட்ட, முறிந்த கையால் முடியாது என்று இடது கையாலேயே கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஏன் போட்டீங்க என்று நான் தலையில் அடித்துக்கொண்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "காப்பி குடுத்தாங்க அம்மணி, அதயக் குடிச்சுப்போட்டுக் கையெழுத்து மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

அப்போதும் இதே வக்கீல் வெங்கடபதியிடம்தான் போனேன், அவர் அந்தக் காகிதத்தின் நகலைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஒருவருக்கு அடிபட்டால் மட்டும் போதாதாம். அடித்தவருக்கு ஜாக்கிரதையாக நடக்க வேண்டிய கடமை இருக்க வேண்டும், அதில் அவர் தவறியிருக்க வேண்டும், அந்தத் தவறினால்தான் இந்த அடி பட்டது என்று காட்ட வேண்டும், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நஷ்டஈடு. அதற்கு முந்தின வாரம்தான் யானை வந்து நம் தென்னம்பிள்ளை நாலைப் பிடுங்கிப்போட்டுப் போயிருந்தது, அதற்கும் கேட்கலாமா என்றேன். "காட்டு யானைக்கு மொதலாளி யாருங்கம்மா, நோட்டீசு எந்த வெலாசத்துக்கு அனுப்பறது?" என்று சிரித்தார். அப்பா விஷயத்தில் மூன்றும் இருந்தன, ஆனால் குற்றம் என்னுடையது என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டாரே. பாப்பாயி இருந்ததால் பிழைத்தோம். அங்கப்பனுடைய குமாஸ்தா அவளை மிரட்டிப் பார்க்க வந்தபோது, "ஏனுங் சாமி, மோட்டாரு பொறத்தாலருந்து வந்து இடிச்சுதுங்க, எங்க பண்ணாடிக்கு முதுகுலயா கண்ணு இருக்குது? உங்களுக்கு மொகத்துல இருந்தும் தெரியலீங்களே" என்று கேட்டாளாம், அவன் வந்த வழியே போய்விட்டான். கடைசியில் வைத்தியச் செலவும் வண்டிச் சக்கரமும் கொடுத்து ராஜி செய்துகொண்டார்கள். இரண்டு மாதம் வேலை செய்ய முடியாமல் போனதற்கு ஒன்றும் கிடையாது, அது அந்தக் காப்பியோடு போயிற்று.

இப்போது உன் விஷயம், இதை இரண்டு தரம் படி. தொழிற்சாலையில் வேலை செய்யும்போது அடிபட்டால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதாம், அங்கே முதலாளி தவறினாரா என்று நீ நிரூபிக்க வேண்டியதே இல்லை, கொஞ்சம் அஜாக்கிரதையாக இருந்துவிட்டாய் என்றாலும்கூட ஈடு உண்டு. ஆனால் குடித்திருந்தாலோ, சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ, இயந்திரத்தின் காப்பு மூடியைத் தெரிந்தே கழற்றினாலோ கிடையாது. போர்மன் காகிதத்தில் உள்ளதைப் பார்த்து நீ தனித் தாளில் எழுதி அனுப்பியிருந்தாயே, அதை நான் வக்கீலுக்குப் படித்துக் காட்டினேன், பல்சக்கரத்தின் மூடியை நானே அபாயம் தெரிந்தும் கழற்றினேன் என்று இருக்கிறது. மூடியை ரிப்பேருக்கு எடுத்து ஒரு வாரம் ஆகிறது, யாரும் திரும்ப மாட்டவில்லை என்று அதே கடிதத்தில் நீதான் எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த ஒரு வரி பொய், கண்ணு, அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தச் சாப்பாட்டுத் தூக்கே வந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். போர்மன் உண்மையிலேயே நல்லவராகவும் இருக்கலாம், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார், நான் யாரையும் பழிக்கவில்லை. அவர் கொண்டுவருகிற சோற்றைச் சாப்பிடு, கை கூப்பி நன்றி சொல்லு, காகிதத்தை மட்டும் திருப்பிக் கொடு. மறுக்கக் கூச்சமாக இருந்தால் பழியை என் மேல் போடு. எங்கம்மா காலேஜில் படித்த பிடாரி, அவளைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் பம்பாய்க்கே வந்து சத்தம் போடுவாள் என்று சொல்லு, அதில் பொய் ஒன்றுமில்லை.

பிறகு இன்றைக்கே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுது, என்ன தேதி, எத்தனை மணி, எந்த இயந்திரம், மூடி எத்தனை நாளாக இல்லை, அவ்வளவுதான், கோபம் ஒரு சொல்கூட வேண்டாம், ஒரு நகல் உன்னிடம் வைத்துக்கொள். உன் அறையில் இருக்கிற சத்தியமங்கலத்துக் காளிச்சாமி பக்கத்து இயந்திரத்தில் இருந்தான் என்றாயே, அவன் பார்த்ததை மறப்பதற்கு முன்னால் எழுதி வாங்கு. ஆஸ்பத்திரி டாக்டரிடம் விரலின் நிலைமையை எழுத்தில் வாங்கிக்கொள். கம்பெனி டாக்டர் பார்க்கக் கூப்பிட்டால் முரண்டு பிடிக்காமல் போ, போகாவிட்டால் அதையே சாக்காகச் சொல்வார்களாம். பணம் தருகிறோம் என்றால் கமிஷனர் ஆபீசில் பதிவு செய்துதான் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் கேட்காவிட்டால் போயிற்று, ஆறு மாதம் இருக்கிறதே என்று நீ தூங்கிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றை நினைத்து மனம் அடித்துக்கொள்ளுகிறது. என் தந்தி வருவதற்கு முன்பே நீ போட்டுவிட்டிருந்தால்? போட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதே. உன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தால் அது செல்லவே செல்லாதாம். மூடியைக் கழற்றினேன் என்றதுதான் உனக்கு எதிரான சாட்சியாக நிற்கும், அதைப் பொய் என்று காட்டக் காளிச்சாமியை வைத்துப் போராட வேண்டியிருக்கும், போராடலாம். சீக்கிரம் தெரிந்தால் சுலபம், மறைத்தால்தான் கஷ்டம்.

விரலைத் தண்ணீர் படாமல் வைத்துக்கொள், மழையில் நனையாதே. கொடுமுடி ஈசுவரன் உன் பத்து விரலையும், மிச்சமிருக்கிற அளவுக்கு, காப்பாற்றட்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே தந்தி கொடு, போட்டேன் அல்லது போடவில்லை, ஒரே சொல் போதும், சமாதானம் எல்லாம் வேண்டாம். போட்டேன் என்று வந்தால் மறுநாள் மெயில் வண்டியில் உங்கப்பா புறப்பட்டு வருகிறார், பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டார். கூட நானும் வருகிறேன், அவரைத் தனியாக அனுப்பினால் போர்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

நீ நீண்ட ஆயுளோடு நிமிர்ந்து வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா
குழந்தையம்மாள்