பின்பக்கம் திறக்கும் பை

அம்மா, வந்துவிட்டது, மார்சூப்பியல் மோல் என்கிற அந்தப் பாலைவனப் பிராணி உயிரோடு மணலுக்குள் நீந்துகிற வீடியோவே வந்துவிட்டது!

இன்று காலை ரயிலில் போனைப் பார்த்துக் கத்தியேவிட்டேன். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் யாரோ எடுத்திருக்கிறார்கள். உடனே உங்களுக்கு அனுப்பக் கை போனது. நீங்கள் இல்லையென்பது கைக்கு இன்னும் தெரியவில்லை.

முதன்முதலில் அதன் படத்தைக் காட்டியபோது குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன்: உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, பட்டுப் போலப் பொன்னிற மயிர், மூக்கின்மேல் தடித்த கவசம், முன்கால்களில் மண்வெட்டி மாதிரி நகங்கள். கண்கள் தோலுக்கடியில் மறைந்தே போய்விட்டன. காதுமடலும் இல்லை.

"ஆண்டவன் அவசரத்தில செய்துபோட்டார் போல," என்றீர்கள்.

"பொறுங்கோ அம்மா! கங்காரு மாதிரி இதுக்கும் பை இருக்கு. ஆனா வாய் பின்பக்கம். தோண்டேக்க குட்டியில மண் கொட்டாது."

கத்தி நின்றது. "அட, நான் உன்ர அண்ணாவை அப்பிடித்தானே கொண்டு திரிஞ்சனான்!"

எண்பதுகளின் கடைசி. சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகரில் அப்பாவுக்குக் கடிகாரத் தொழிற்சாலை வேலை. குழந்தைக் காப்பகத்துக்கு ஏறும் தெருவில் தூள்பனி எதிரே அடிக்கும். கோட்டுப் பொத்தான்களுக்கு இடையால் அண்ணாவின் கழுத்துக்குள் போகும். ஒருநாள் அண்ணாவை நெஞ்சோடு அணைத்து, கோட்டைப் பின்முன்னாகப் போட்டீர்கள். அப்பா முதுகில் பொத்தான் பூட்டிவிட்டார். பஸ் தரிப்பில் நின்ற எங்கள் தமிழ்ப் பெடியள் பகிடி பண்ணாமல் விடவில்லை.

"அக்கா, நீங்கள் வாறியளோ, போறியளோ?"

அந்த வெட்கத்தில் குளிர்காலம் முடியும்வரை உங்களை ஒரு படம்கூட எடுக்க விடவில்லை என்றீர்கள். ஆனாலும் கோட்டை மறுபடி நேராகப் போடவில்லை. சொல்லிவிட்டு என் போனை வாங்கி அந்தப் பொன்னிற முதுகை விரலால் தடவினீர்கள். "பாவம், இதுக்கும் வேற வழியில்லை," என்றீர்கள்.

அந்தக் கோலத்தில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "நான் பொத்தானைத்தானே பிள்ளை பாத்தனான். பூட்டிப்போட்டு வேலைக்கு ஓடியிடுவன்," என்றார். முன்பக்கத்தைப் பார்த்தவர் வீட்டில் ஒருவருமில்லை.

அதனால்தான் இந்தக் கடிதத்தை முகநூலில் எல்லோரும் பார்க்கப் போடுகிறேன், அம்மா. அந்தத் தரிப்பில் நின்ற அண்ணைமாரே, இப்போது உங்களுக்கும் தலை நரைத்திருக்கும். தெரிந்தவர்களுக்கும் இதை அனுப்புங்கள். பகிடி பண்ணியதற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒன்றை மட்டும் கீழே எழுதுங்கள்: நீங்கள் சிரித்தபோது அம்மாவும் சிரித்தாவா?