ஓட்டு மேல் ஒரு சனிக்கிழமை

தூத்துக்குடி
பார்த்திப வருஷம், மாசி மாதக் கடைசி

என் மகள் சந்தனமாரிக்கு உன் சித்தப்பா மந்திரமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் கிணறும் கொல்லை முருங்கையும் சௌக்கியம். அங்கே கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதல் சௌக்கியமாக இருக்கத் திருச்செந்தூரான் துணை செய்வான், அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், என் பேச்சை அவன் தட்டியது கிடையாது. உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொழும்புக் கடிதம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லித்தான் கொடுத்தார், காது கேட்காதவன் மாதிரி நானும் இன்னொரு தரம் சொல்ல வைத்தேன். மாப்பிள்ளை கண்டியில் புதுக்கடை திறக்கிறார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, இவர் ஒரு கடையோடு நிற்கிற ஆள் இல்லை என்று உன் கல்யாணப் பந்தலிலேயே சொன்னவன் நான். கண்டிக்கு வீடு மாற்றுவதற்கு முன்னால், சித்திரையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு மாதம் உங்களோடு இருக்கட்டுமா, இல்லை ஆள் வருவதும் போவதுமாக இருக்கிற வீட்டில் நாங்களும் வந்து தொந்தரவு கொடுக்காமல் நேரே கண்டிக்குப் போகட்டுமா, ஒரு வார்த்தை எழுதுங்கள் சித்தப்பா என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். அதற்கு முன்னால் வீட்டுச் சேதி கொஞ்சம் இருக்கிறது, அதைக் கேட்டால்தான் அந்த வார்த்தை உனக்கு விளங்கும்.

பொங்கலுக்கு ஊரில் எல்லோரும் வாசல் சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு அடித்து, அதில் கொஞ்சம் நீலத்தையும் கலந்து, வீடு புதுசாகிவிட்டது என்று உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அது போதாது. தெருவில் போகிறவன் கண்ணுக்குத் தெரிவதை எவனும் செய்வான், தெரியாததைச் செய்கிறவன்தானே வீட்டுக்காரன். கிணற்றைத் தூர் வாரினேன். எடுத்த சேற்றைக் கடலில் கொட்டியிருந்தால் முயல்தீவுக்குப் பக்கத்தில் இன்னொரு தீவு எழும்பியிருக்கும். ஆள் வைத்துத்தானே செய்தாய் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும், மேலே நின்று நான் சொன்ன யோசனையில்தான் அவர்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கட்டில்களை வெயிலில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியதில் மூட்டைப்பூச்சி வம்சம் அற்றுப்போனது. கதவுக் கீல்களுக்குப் புன்னை எண்ணெய் விட்டேன், இப்போது கதவைத் திறந்தால் திறந்தது எனக்கே தெரிவதில்லை. நீயும் கண்டி வீட்டுக்குப் போனவுடன் நிலைக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார், அங்கே இருக்கிற தூசியை வைத்து முன்னால் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிடலாம். ஜன்னல் கம்பி அடியில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார். தொட்டில் மாட்டுகிற வளையத்தில் நீயே தொங்கிப் பார்க்காமல் பேத்தியைப் போடாதே. அவளுக்கு மூன்று வயது, தொட்டிலை விட்டிருப்பாள் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் பார்க்காத பிள்ளை ஆனதால் என் மனசில் அவள் இன்னும் தொட்டிலில்தான் கிடக்கிறாள்.

மிச்சம் இருந்தது ஓடு. ஓடு மாற்றுகிற தளவாய் பொங்கல் கழித்து வாரேன் என்று சொல்லிவிட்டு ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஏதோ வேலைக்குப் போனவன் போனவன்தான். எனக்கு என்ன, ஓட்டு மேல் ஏற ஒரு தளவாயா வேண்டும் என்று போன சனிக்கிழமை காலையில் முன்கதவைத் தாழ் போட்டுவிட்டு, கொல்லையில் மூங்கில் ஏணியைச் சாத்தி, கொத்துக்கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். நான் ஏறிய விதத்தைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்காரர்கள் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பார்கள். மழைத்தண்ணீர் ஓடுகிற இறவாரத்துத் தகரக்கால் முழுக்க வேப்பிலை மக்கி உரமாகிக் கிடந்தது, அதில் ஒரு கத்தரிச் செடிகூட முளைத்திருந்தது, நம்பு. அதை அள்ளிக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினால் கொண்டல் காற்று ஒரு தள்ளுத் தள்ளி ஏணி கொல்லையில் விழுந்து கிடக்கிறது. முன்பெல்லாம் நான் ஏறினால் உன் சித்தி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, அங்கன போகாதிய, இங்கன மிதிக்காதிய என்று இறங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் சும்மா நிற்கிறாள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

சந்து வழியாகத் துறைமுகத்து வேலைக்குப் போகிற சிலுவை என்னைப் பார்த்துவிட்டு நின்றான். என்ன அண்ணாச்சி, நீங்களே ஏறிட்டீய, தளவாய் வரலியா என்று கேட்டான். ஏணியை எடுத்து வை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை மகளே. தளவாய்க்கு ஓடு போடத் தெரியும்லே, ஓட்டு மேல நடக்கத் தெரியாது, நான் நடந்தா பூனைகூட நின்னு பாக்கும் என்றேன். பூனைக்கு இறங்கவும் தெரியும் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். நானும் சத்தமாகச் சிரித்தேன். அவன் தலை மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டதால் வேலை செய்ய வேண்டியதாகிவிட்டது. ஒரு வரிசை ஓடுகளைப் பிரித்துத் தட்டிப் பார்த்து மறுபடி அடுக்கினேன், பிறகு அடுத்த வரிசை. நல்ல ஓடுகளையும் எடுத்துத் துடைத்து வைத்தேன். தருவைகுளத்து மீன்காரி வந்து முன்கதவைத் தட்டினாள். என் வீட்டுக் கதவை ஒருத்தி தட்டுகிற சத்தத்தை நான் வீட்டுக்கு மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், உள்ளே போய்த் திறக்க ஆள் இல்லை. முகட்டில் ஏறித் தலையை நீட்டி, இன்னைக்கு மீன் வேண்டாம் தாயி, வீட்டுல விருந்தாளிக எல்லாரும் சைவம் என்றேன். அவளும் நம்பிக்கொண்டு போய்விட்டாள். உச்சிக்கு வெயில் ஏறியது. ஓடு சுட்டது, துண்டை நனைக்கத் தண்ணீர் இல்லை, துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கொழும்பு தெரிகிறது என்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேனே, அது தெரியாது. கடலும், சரக்கு ஏற்றி அந்தப் பக்கம் போகிற தோணிகளின் பாயும் தெரியும், அவ்வளவுதான்.

அடுக்களைக்கு மேலே வந்தபோது ஒரு ஓடு மட்டும் கறுப்பாக இருந்தது. கரண்டியால் சுரண்டினால் தார் பெயர்ந்து வருகிறது, அடியில் கண்ணாடி. உங்கள் கொழும்பில் குண்டு விழுந்த வருஷம், ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று இங்கே உத்தரவு போட்டார்கள். ஜப்பான்காரன் நேரே நம் அடுக்களையைத்தான் குறி வைத்திருக்கிறான் என்று நான் ஏறி அந்தக் கண்ணாடி ஓட்டுக்குத் தார் பூசினேன், உன் சித்தி ஏணியைப் பிடித்தாள். சண்டை முடிந்து, துறைமுகத்து விளக்கெல்லாம் பழையபடி எரிந்து, ஊரே மறந்தும் போய்விட்டது, நம் வீட்டுக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை. அரிசியில் கல் தெரியவில்லை, கண் மங்கிவிட்டது என்று நான் எழுதி, நீ பதறிப்போய் ஆள் மூலமாக மூக்குக்கண்ணாடி வாங்கி அனுப்பினாயே, கண்ணுக்கு ஒன்றும் இல்லை மகளே, அடுக்களைதான் இருட்டு. ஆனாலும் கண்ணாடி நன்றாக இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் போனால் எழுந்து வழி விடுகிறார்கள்.

தார் முழுக்கப் போன பிறகு கையைக் குவித்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். வெளிச்சம் ஒரு கட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. அதில் ஒரு தட்டு. ஒரு செம்பு. அடுப்பில் சின்னப் பானை, கொடியில் ஒரு வேட்டி, சுவர் ஓரமாகச் சுருட்டி வைத்த ஒரு பாய். பெரிய பானைகளெல்லாம் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. யாரோ பாவம் ஒண்டியாகக் கிடக்கிறவன் வீடு என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் ஒரு நிமிஷம் நினைத்தேன், பிறகுதான் அந்தத் தட்டு நம் தட்டு என்று புத்திக்கு வந்தது. உள்ளே இருக்கும்போது இது தெரிந்ததே இல்லை. நான் பேசிக்கொண்டே இருப்பேன், பேச்சில் வீடு நிறைந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் பேச்சு தெரியவில்லை.

அடுத்த வீட்டில் ஞானதீபம் டீச்சர் குடியிருக்கிறார்கள், நாசரேத்துக்காரர்கள், நீ போன பிறகு வந்தவர்கள், பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. அன்றைக்கு லீவானதால் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர், ஏணி விழுந்து கிடக்கு, என்னால இறங்க முடியல, கொஞ்சம் எடுத்துச் சாத்துவீங்களா என்று கேட்டேன். அவர்கள் துணியை அப்படியே வைத்துவிட்டு, முக்காலி போட்டுக் குட்டைச் சுவரைத் தாண்டி வந்து, ஏணியைச் சாத்தி, நான் கால் ஊன்றுகிற வரைக்கும் அடியில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பழைய சோற்றில் வடித்த நீத்தண்ணி ஒரு செம்பு கொண்டு வந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்.

"அது விழுந்த சத்தம் காலையிலேயே கேட்டுது அண்ணாச்சி. எட்டிப் பாத்தேன். நீங்க சிலுவைகிட்ட அப்படிப் பேசிக்கிட்டு இருந்தீய. கேக்காம எப்படி வாரதுன்னுதான் நின்னுட்டேன்."

 நீத்தண்ணியைக் குடித்துவிட்டுச் செம்பைக் கழுவிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன், ஆள் வருவதும் போவதுமாக இருக்கிற வீடு என்று நீ எழுதியிருக்கிற இடத்தில் நின்றுவிட்டேன். அது நான் எழுதியதுதானே, அதைத்தான் நீ எனக்கே திருப்பி எழுதியிருக்கிறாய். மூச்சுவிட நேரமில்லை, உட்கார இடமில்லை, விருந்தாளிகளுக்கு இலை போட்டு மாளவில்லை என்று எத்தனை கடிதம் எழுதினேன். உன் சித்தியின் முதல் வருஷத் திதிக்கு அப்புறம் இந்த வீட்டில் இரண்டாவது இலை விழவில்லை மகளே. யாரும் வருவதில்லை. நீ தொந்தரவு கொடுப்பாயோ என்று யோசிக்கிற அளவுக்கு இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஆகையால் நீ கேட்ட ஒரு வார்த்தை, வா. பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. மாப்பிள்ளைக்குத் தோதுப்பட்டால் அவரும் வரட்டும், இல்லையென்றால் நீங்கள் இருவரும் வந்தால் போதும். ஓடு முழுக்கப் பிரித்து அடுக்கியாயிற்று, ஒழுகாது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல், கண்டிக் கடையில் கூட்டம் குறையாமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மண்டபத்தில் நோய் இருக்கிறதா என்று பார்க்க முகாமில் நிறுத்தினால் பயப்படாதே, பிள்ளைக்குக் கொதித்து ஆறிய தண்ணீரே கொடு. மணியாச்சியில் வண்டி மாறும்போது சாமானை விட்டாலும் அவள் கையை விடாதே. என்றைக்கு என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, சித்திரை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டேஷனில் நிற்பேன். எனக்கு இங்கே வேறு வேலை ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
உன்னை வரச்சொல்லிக் கேட்கும் சித்தப்பா
சு. மந்திரமூர்த்தி