ரெஜினா திருத்திய வினைச்சொல்

என் ரெஜினாவுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கமாட்டாய், ஸ்பெயினிலிருந்து ஆர்டர் கடிதம் வந்ததா என்றுதான் முதலில் கேட்பாய். வந்துவிட்டது. கிருஷ்ணகிரி முழுக்க மாம்பழ வாசனை. நம் மாங்கூழ் கம்பெனியில் இரண்டு ஷிப்டும் ஓடுகிறது. ஸ்பானிஷில் பதில் எழுத இப்போது நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் சர்ச் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து பெங்களூரில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? இறந்தகாலத்தில் நான் திணறிப்போனேன். எதிர்காலம் நடத்திய அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் நீ சிரித்தாய். "இது நம்ம தமிழ் மாதிரிதான்க்கா. பார்ப்பேன், பார்ப்பாய், பார்ப்போம். சொல்லை அப்படியே வெச்சுக்கிட்டு வாலை மட்டும் மாத்தணும்."

பார்த்துக்கொள்வதற்கு ஸ்பானிஷில் 'குய்தார்'. ஓசூர் வருவதற்குள் குய்தரே, குய்தராஸ், குய்தரேமோஸ் என்று மனப்பாடம் ஆகிவிட்டது. முன்சீட்டு அம்மா இது என்ன பாஷை என்று கன்னடத்தில் கேட்டார். மாம்பழம் விற்கிற பாஷை என்று நீயும் கன்னடத்திலேயே சொன்னாய்.

அப்புறம் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த மதியம், கட்டிலைச் சுற்றி உன் மாமியாரும் உன் வீட்டுக்காரர் சேவியரும் இருந்தார்கள். சாவைப் பற்றி நீ வாயெடுத்தாலே அடக்கிவிடுவார்கள். நீ என் கையைப் பிடித்து, "குய்தராஸ் அ ஜெனி?" என்றாய். உன் மகளைப் பார்த்துக்கொள்வாயா என்று நீ கேட்டது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"குய்தரேமோஸ்," என்றேன். பார்த்துக்கொள்வோம்.

நீ தலையை ஆட்டினாய். "தப்புக்கா. ஒருமையில சொல்லு."

பார்த்துக்கொள்வேன் என்று வாலை மாற்றிச் சொன்னேன். "குய்தரே."

நீ கண்ணை மூடித் தூங்கினாய். என்ன பேசினீர்கள் என்று கேட்ட உன் மாமியாரிடம் கம்பெனி விஷயம் என்றேன். ஏன் ஒருமை என்று அவ்வளவு அழுத்தினாய்? எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று பயந்தாயா?

உன் முதல் வருஷ நினைவுப் பூசை அன்று சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பி ஜெனியைப் பார்த்தார். பிறகு, "அப்ப அவளுக்கு சைக்கிள் நீங்கதான் பழக்கணும்க்கா. எனக்குப் பயமா இருக்கு," என்றார். பழக்கிவிட்டேன். முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது, திட்டாதே.

ஜெனிக்கு இப்போது பதினொரு வயது. சேவியருக்கு ஓசூரில் மதிய ஷிப்ட் இருக்கும் நாட்களில் பள்ளி விட்டதும் நேராக என் வீட்டுக்கு வருவாள். கீரையைக் கண்டால் முகம் சுளிப்பாள், நான் முறைத்தால் சாப்பிடுவாள். அவளும் நானும் நன்றாக இருக்கிறோம் ரெஜினா.

அவள் பெரியவளாகும் நாள் தூரத்தில் இல்லை. உன் மாமியாருக்கு அதைப் பேசவே கூச்சம். அன்று நான் பக்கத்தில் இருப்பேன். அவள் என்ன கேட்டாலும் மறைக்காமல், பயமுறுத்தாமல் சொல்வேன்.

ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் போன மாதம் தானாகவே மாற்றிக்கொண்ட முறைப்படி,

ஜெனியின் பெரியம்மா,
செல்வி