பதினோரு பேரும் வந்திருக்கிறார்கள்

6-ம் நாள், காலை 7.40

நிலாச் சுரங்கம் எண் 3, மெஷின் அறை. எழுதுபவர் சந்தனமாரி, வடிகட்டி துடைக்கும் பிரிவு. காற்று அழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். நான்கு வடிகட்டியில் இரண்டு ஓடுகிறது.

இது சூப்பர்வைசர் எழுத வேண்டிய நோட்டு. அவர் வெளியே நடைபாதையில் கிடக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால், கண்டெடுப்பவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

6-ம் நாள், பகல் 1.15

நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் சுரங்கத்தில், தண்ணீரும் காற்றும் எடுக்கிற பனிக்கட்டி தீர்ந்துபோயிற்று. எங்களிடம் இருந்தது. கேட்டார்கள், எங்கள் ஆட்கள் கொடுக்கவில்லை. ஆறு நாளைக்கு முன் எங்கள் தண்ணீர்க் குழாயை உடைக்க வந்தார்கள். கேமராவில் பார்த்தேன். முன்னால் வந்தவன் இரண்டாம் சுரங்கத்துத் தவசிமணி. வெடி வைத்தவனும் அவன்தான். குழாயோடு சுவரும் போயிற்று. காற்று போனதும் இந்த அறைக் கதவு தானாக இறுகிக்கொண்டது. நான் உள்ளே. நாற்பத்திரண்டு பேர் வெளியே.

என் மகள் இலக்கியா வெளியே. கதவை அடித்தாள். ஏழு அடி. எட்டாவது வரவில்லை. நான் இந்தப் பக்கம் பிடியைத் தொங்கித் தொங்கி இழுத்தேன். விரல் நகம் இரண்டு போயிற்று. கதவு அசையவில்லை. பின்பக்க இரட்டைக் கதவு வெட்டவெளிக்குத் திறக்கும், காற்று உடுப்பு இல்லாமல் போக முடியாது.

ரேடியோக் கம்பம் விழுந்துவிட்டது. ஸ்கூல் லைன் மட்டும் மண்ணுக்கு அடியில் போவதால் பிழைத்திருக்கிறது.

9-ம் நாள், காலை 9.00

ஸ்கூல் என்றால் கட்டடம் கிடையாது. மூன்று சுரங்கத்துப் பிள்ளைகளும் தலையில் பட்டையை மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு ஊர் வரும். கடைத்தெரு, டவுன் பஸ், மழை எல்லாம் இருக்கும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ரோட்டைக் கடப்பதுகூட அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு உள்ளே இடமில்லை. பெரியவர்கள் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் ஸ்கூலை மட்டும் யாரும் தொட்டதில்லை.

பட்டைகளைச் சார்ஜ் போட இந்த அறையில்தான் கொக்கியில் மாட்டுவார்கள். பதினோரு பட்டை. ஒவ்வொன்றிலும் பெயர். யார் எதை மாட்டினாலும் அந்தப் பிள்ளையின் முகமும் குரலும்தான் உள்ளே போகும்.

இன்று ஸ்பீக்கரில் வாசுகி டீச்சர் குரல் வந்தது. முதல் சுரங்கத்தில் இருந்து பேசுகிறார்.

"மூணாவது சுரங்கத்துப் பிள்ளைங்க ஒருத்தரும் வரல. பத்து நாள் வரலன்னா பேரையும் பெஞ்சையும் எடுத்துரணும். நாளைக்குத்தான் கடைசி. எனக்கு மனசே வரல."

10-ம் நாள், காலை 9.20

எங்கள் ஷிஃப்டில் உடம்பு முடியாதவளுக்கு இன்னொருத்தி வருகைக் கார்டு தேய்ப்பது வழக்கம். இலக்கியா பிறந்த மாதம் முழுக்க எனக்கு அப்படித்தான் தேய்த்தார்கள். அதைத் தப்பென்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

பதினோரு பட்டையையும் ஒவ்வொன்றாக மாட்டி "உள்ளேன் டீச்சர்" சொன்னேன். கடைசியாக இலக்கியா. என் வாயில் இருந்து அவள் குரல் வந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

டீச்சர் அழுதார். "அய்யோ கண்ணுங்களா, உயிரோட இருக்கீங்களா! பெரியவங்க யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?"

"யாரும் இல்ல டீச்சர்" என்றேன். வெடி வைத்தவனைப் பார்த்த ஒருத்தி பிழைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், முடித்துவிட்டுப் போக வருவார்கள். முதல் சுரங்கத்தில் இருந்து இங்கே வர வண்டி இல்லை என்றார் டீச்சர்.

13-ம் நாள், பகல் 12.30

தினமும் போகிறேன். வருகைக்கு எல்லாப் பட்டையும், பாடத்துக்கு இலக்கியாவின் பட்டை. மற்ற பத்துப் பேரும் களைப்பாக இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று வாசிக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டினேன். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை ஹெப்சிபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அஞ்சாங்கிளாஸ்க்கு வந்து அம்மா ஆடு படிக்குறா பாரு! ஏன்டி தோளத் தோள இழுத்து விடுற? நீ போட்டிருக்கது கவுன்டி, சேலை இல்ல!"

"ஹெப்சி, வாயை மூடு. அந்தப் பிள்ளை என்னென்ன பட்டிருக்கோ" என்றார் டீச்சர்.

அப்புறம் பஸ் பாடம். ஹெப்சிபா எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தாள். "எடுத்துக்கடி. இதுக்குத்தான தினம் என் முடியப் பிடிச்சு இழுப்ப." என் மகள் ஜன்னலுக்குச் சண்டை போடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. வெளியே மழை பெய்தது. அவள் பார்த்த மழையைப் பார்த்தேன்.

டீச்சர் கண்டக்டராக வந்தார். "ஹெப்சிபா தவசிமணி, டிக்கெட் எடுத்தாச்சா?"

தவசிமணி மகள்.

என் இரண்டு கையும் அவள் கழுத்துக்குப் போயிற்று. முழுப் பலத்தையும் கொடுத்து நெரித்தேன். அங்கே வலி கிடையாது. கட்டிப்பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் என்னைக் கட்டிக்கொண்டு, "செத்துட்டேன்னு நினச்சேன்டி லூசு" என்றாள்.

பட்டையைப் பிடுங்கி எறிந்தேன். வடிகட்டி துடைக்கவில்லை.

17-ம் நாள், காலை 11.10

ஹெப்சிபா இன்று விளையாட வரவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய்க் கேள்வியாகக் கேட்டாள்.

"உங்க பக்கம் எந்தக் கதவு தெறக்கும்? எல்லாரும் ஒரே ரூம்லயா இருக்கீங்க? பதினோரு பேரும் நிச்சயமா இருக்கீங்கல்ல?"

இது பிள்ளை கேட்கிற கேள்வி இல்லை. பின்னால் நின்று எவன் கேட்கச் சொல்கிறான் என்று தெரியும்.

"மெஷின் ரூம் பின்கதவு. எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்" என்றேன்.

"எங்கப்பா நாளைக்கு அங்க வருது. யார்ட்டயும் சொல்லாத, டீச்சர்ட்டகூட. மத்த ஆளுங்களுக்குத் தெரிஞ்சா விட மாட்டாங்க. அது வந்தா சத்தம் போடாதீங்க, என்ன?"

செத்தது போதாது, மிச்சத்தையும் பிடுங்க வருகிறான். வரட்டும்.

18-ம் நாள், பகல் 1.50

பெரிய பைப் ரெஞ்ச், முழங்கையில் இருந்து விரல் வரை நீளம். பிடியில் துணி சுற்றினேன், வழுக்கக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டேன். பின்கதவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வலது கைக்காரன், கேமராவில் பார்த்தேன்.

வண்டி வந்து நிற்கிறது. தரை அதிர்கிறது.

18-ம் நாள், பகல் 2.35

வெளிக்கதவு மூடியது. காற்று நிரம்பியது. உள்கதவு திறந்தது. ஒரே ஆள். முகக் கண்ணாடியைத் தூக்கினான். அவன்தான்.

"புள்ளைங்களா" என்றான்.

முதல் அடி வாயில். பல் என் காலடியில் தெறித்தது. மண்டிபோட்டான். கையைத் தூக்கினான். மணிக்கட்டில் அடித்தேன், முறிகிற சத்தம் கேட்டது. "நான் குழாயத்தான்... செவுரு போகும்னு தெரியாதும்மா" என்றான். அம்மா என்று என்னைச் சொன்னானா, அவன் அம்மாவைச் சொன்னானா, தெரியாது. அடித்தேன். ஹெல்மெட்டோடு தலை தரையில் மோதி எழும்பியது. திரும்ப அடித்தேன். இலக்கியாவுக்கு ஏழு. மற்ற பிள்ளைகளுக்கும் ஏழேழு போட நினைத்தேன். நடுவில் கணக்கு விட்டுப்போயிற்று. கை ஓய்ந்தபோது முகம் என்று ஒன்று இல்லை.

சேலை முழுக்க ரத்தம். வாய்க்குள்ளும் போயிற்று. உப்பு.

18-ம் நாள், பகல் 3.20

அவன் துப்பாக்கியோ வெடியோ வைத்திருப்பான் என்று தேடினேன். இடுப்பில் ஒன்றும் இல்லை.

வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் ஒரு இழுவைப் பெட்டி நின்றது. திறந்தேன்.

சின்ன அளவு காற்று உடுப்பு, மாஸ்க். சிலிண்டரோடு. பதினொன்று.

ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர். பிள்ளைக் கையெழுத்து. சாமுவேல், காது வலி, மெதுவா மாட்டுங்க. தர்ஷினி, கண்ணாடி போட்டிருப்பா. முத்துக்குட்டி அழுவான், மொதல்ல அவன். ஒன்றில் வெறும் இலக்கியா, அடியில் கோணலாக ஒரு பூ.

அவன் கொல்ல வரவில்லை

நான் பதினோரு தடவை உள்ளேன் சொன்னேன். அதை நம்பி வந்தான். ஒரே ஆளாக வந்தான்

18-ம் நாள், பகல் 4.05

ஹெல்மெட்டுக்குள் ரேடியோ பேசுகிறது. வண்டி வழியாக வருகிறது போலும். ரொம்ப நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

"அப்பா. அப்பா. கதவு தெறந்துச்சா? எல்லாரும் வண்டில ஏறியாச்சா? இலக்கியாட்ட குடுப்பா. அப்பா, ஏன்ப்பா பேச மாட்டேங்குற?"

ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. எதை எதில் இருந்து கழற்றினேன் என்று எழுத மாட்டேன்.

"நான் இலக்கியா அம்மா" என்றேன். என் குரலில்.

"அத்தை! நீங்க இருக்கீங்களா! அவ சொல்லவே இல்ல பாருங்க. அத்தை, அப்பா எங்க?"

பொய் சொல்ல வாய் வந்தது. எத்தனை பொய்தான் சொல்வது? சொல்லிவிட்டேன். இலக்கியா முதல் நாளே போய்விட்டாள், எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள் என்றேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான் என்றேன். உன் அப்பாவை அடித்துக் கொன்றுவிட்டேன் என்றேன்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அன்னிக்கு பஸ்ல என்னக் கட்டிப்பிடிச்சது?"

"நான்தான். அது கட்டிப்பிடிச்சது இல்ல."



"அத்தை, உங்களுக்குக் காத்து எவ்ளோ நாளைக்கு வரும்?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு வடிகட்டி. வருஷக்கணக்கா வரும்."

"சாப்பாடு?"

"நாப்பத்திரண்டு பேர் சாப்பாடு இந்த ரூம்லயே அடுக்கி இருக்கு."

"சாப்பிடுங்க. செத்துறாதீங்க. நான் பெரியவளாகி வர்ற வரைக்கும் அங்கயே இருங்க."

சரி என்றேன்.

அவளுக்கும் இலக்கியா மாதிரி பதினோரு வயதுதான்.