அத்தை மாட்டிவிடும் காலுறை

என் கப்பல்காரருக்கு,

சலூன்ல நாள் முழுக்க நின்னு நின்னு சுருண்டு புடைச்ச கால் நரம்புக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. கணுக்கால் பக்கம் கொஞ்சம் மரத்திருக்கு, போகப் போகச் சரியாயிடுமாம். உள்ளே ரத்தம் கட்டிக்காம இருக்க ரெண்டு வாரம் இறுக்கமான காலுறை போடணும்னாங்க.

அதைத் தனியா மாட்டவே முடியலைங்க. ஒரு வருஷமா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசாத உங்கம்மா, நான் கூப்பிடாமலே வந்து இழுத்தாங்க. இழுத்த வேகத்துல ரெண்டு பேரும் கட்டில்ல விழுந்தோம். "காலா இது, தூணா?"ன்னாங்க. நான் சிரிச்சேன். அவங்களும் அடக்க முடியாம சிரிச்சுட்டாங்க.

அன்னையிலேர்ந்து என் கெண்டைக்காலைத் தொட்டுத் தொட்டு, "வலிக்குதா, வீங்குதா, மறைக்காம சொல்லு"ன்னு ஒரே நச்சரிப்பு. கேட்கக் கேட்கக் காது குளிருது.

நேத்து டாக்டர், இனி காலுறை வேண்டாம்னுட்டார். வெளியே பெஞ்சில உட்கார்ந்திருந்த அத்தைகிட்ட, "இன்னும் ஒரு மாசம் போடணுமாம்"னு கூசாம புளுகினேன். அவங்க தலையாட்டிட்டு எழுந்தாங்க.

இன்னைக்குக் காலையில வழக்கம்போல காலுறையோட வந்து நின்னாங்க.

"நேத்து டாக்டர் ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சு. அவர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ம், காலை நீட்டு"ன்னாங்க.

இப்படிக்கு,
முதல்ல உங்கம்மாவோட மருமகள், அப்புறம்தான் உங்க மனைவி