படகுக்கும் ஆடித் தள்ளுபடி

ஆனி 27, வெள்ளி

ஆலப்புழையில் ஒரு ராத்திரிக்குப் படகு வீடு பதிவு செய்துவிட்டேன். மார்கழியில்தான் சீசன், அதை விட்டால் கிடைக்காது, இன்றே அட்வான்ஸ் கட்டுங்கள் என்று டிராவல்ஸ்காரர் ஒரு வாரமாக நெருக்கினார். நான் நம்பவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, புதுஜோடிகள் வரமாட்டார்கள், படகு சும்மாதானே நிற்கும்? மில்லில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படகுக்காரருக்கே போன் போட்டேன். பாதி வாடகைக்குச் சரி என்றார். ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுவாரம் போகிறோம்.

சாயங்காலம் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. “ஏட்டி, கொட்டுற மழையில போயி என்னத்தப் பார்க்க?”

“மழையத்தான். நம்ம ஊர்ல எம்புட்டுப் பெய்யுது?”

இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர அவர் எங்கும் போனதில்லை. வெளியூர் போகலாம் என்று டாக்டர் சொல்லியே நான்கு மாதமாகிறது.

சாப்பிட்ட பிறகு கேட்டார். “ராத்திரி எனக்கு ஏதும்னா, கரைக்கு வர எம்புட்டு நேரமாகும்?”

“ராத்திரி கரையிலதான் கட்டிப் போடுவாங்களாம். கேட்டுட்டேன்.”

இப்போது பீரோ மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.