வெள்ளிக்கிழமைக்குள் வேன்

12.08.2025, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் முடிந்து திரும்பும்போது அக்கரப்பத்தனை ஏற்றத்தில் வேன் மூன்று முறை நின்றது. சீட்டுக்கு அடியில் பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். பின்னால் படுத்திருந்த என் வீட்டுக்காரர் கேட்டதுமே சொல்லிவிட்டார்: எஞ்சினுக்குக் காற்று போகும் மெனிபோல்ட் குழாயின் கேஸ்கட் தகடு பிய்ந்துவிட்டது, இடுக்கு வழியாக எஞ்சின் வெளிக்காற்றை இழுக்கிறது. இருபது வருடம் வேன் ஓட்டியவர்; இப்போது ஓட்டுவது நான். எப்படியோ தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதன்பிறகு ஸ்டார்ட்டே ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போக வேண்டும்.

13.08, புதன்

டவுன் கராஜ்காரர் ஹமீத் நானா மகள் கல்யாணப் பேச்சுக்காக அக்குறணை போயிருக்கிறார். ஹட்டன் மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம். மழையில் பாதையில் மண் சரிந்த இடத்தில் த்ரீவீலர்களின் சின்னச் சக்கரங்கள் புதைகின்றன, யாரும் மேலே வர மாட்டேன் என்கிறார்கள். தோட்டத்து அம்புலன்ஸ் டயரில்லாமல் நிற்கிறது.

வெள்ளி தவறினால்?

நானே கழற்றட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.  "ராணி, மொதல்ல பெட்டரி வயர கழட்டு" என்றார்.

நடந்தே டவுனுக்குப் போனேன். நானாவின் மனைவி ஜெமீலா கடையைத் திறந்து, தேடி, புது கேஸ்கட் எடுத்துத் தந்தார்.

14.08, வியாழன்

காலையிலேயே தொடங்கினேன். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, குழாய்களையும் வயர்களையும் ஒவ்வொன்றாக நம்பர் போட்டுக் கழற்றினேன். அவர் கதவோரம் கதிரையில். கால் இரண்டும் வீங்கிவிட்டன, நேற்றிலிருந்து சோறும் இறங்கவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அடிநட் ஒன்று துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி அதோடு ஒரு மணிநேரம். கடைசியில் மெனிபோல்ட் கழன்று வந்துவிட்டது. பழைய கேஸ்கட் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். ஒட்டியிருந்த பழைய கேஸ்கட் துண்டுகளைச் சுரண்டும்போது கை தட்டி, ஒரு நட் எஞ்சினின் காற்றுத் துவாரம் ஒன்றுக்குள் விழுந்துவிட்டது. துவாரம் நாலையும் துணியால் அடைக்கச் சொல்லியிருந்தார். நான் மூன்றைத்தான் அடைத்திருந்தேன். அது உள்ளே கிடக்க ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினே உடைந்துவிடும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கத்தியிருந்தாகூட தேவல. நான் என்ன பண்ணிட்டேன்? என் கையாலயே அவர கொன்னுட்டேனா?

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கிருஷாந்தி தன் பழைய ரேடியோவைக் கொண்டுவந்து தந்தாள். ஸ்பீக்கர் காந்தத்தை உடைத்து, ஒரு துண்டைக் கம்பி நுனியில் இறுக்கிக் கட்டி உள்ளே விட்டேன். நாலு தரம் பாதியில் நழுவி விழுந்தது. ஐந்தாம் தரம் வந்தது. நட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

15.08, வெள்ளி

விடியும்போது அவர் முகம் ஊதியிருந்தது. பேச்சில்லை, விரலால்தான் காட்டினார். புது கேஸ்கட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி இறுக்க வேண்டும். இறுக்கினேன். தண்ணீர் ஊற்றினேன். சாவியைத் திருப்பினேன்.

பிடிக்கவில்லை.

மறுபடி. இல்லை. சாமி, இன்னைக்கு ஒருநாள் மட்டும் —

ஆறாம் நம்பர் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினேன். பிடித்துவிட்டது. சீறல் இல்லை. கிருஷாந்தியும் நானும் அவரைத் தூக்கி ஏற்றினோம்.

பின்நேரம்: ஆஸ்பத்திரியில் அவரை உடனே டயலிசிஸுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தாலும், என்று தாதி சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

19.08, செவ்வாய்

இன்றும் போனோம். அவர் மெஷினில் இருந்த நாலு மணிநேரமும் நான் வேனுக்குள் தூங்கிப்போனேன். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அவர்தான். தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்.

பசிக்கிறதாம்.